முதுமையும் உழைப்பும்

கண்டி வாவிக்கரையில் விடியற்காலையில் நடந்து பழகியோர் ஒரு காட்சியைத் தவறாது கண்டிருப்பர். கம்பளித் தொப்பியும் சப்பாத்தும் அணிந்த முதியோர் பலர், தனியராகவும் இருவர் மூவராகவும், வாவியைச் சுற்றி விரைந்து நடப்பர். ஓய்வு பெற்ற உத்தியோகத்தர், வர்த்தகர், ஆசிரியர் எனப் பல திறத்தினரும் அவருள் உளர். நீரிழிவுக்காகவோ இரத்த அழுத்தத்துக்காகவோ நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் நடக்கும்படி அவர்களுக்கு வைத்தியர் பணித்திருக்கிறார். அவ்வாவிக்குத் தெற்கே ஹந்தானை மலைத்தொடர் எழுந்து நிற்கிறது. சற்று நேரத்தில் அம்மலைச் சரிவுகளிலும், அதற்கப்பால் கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பகுதிகளிலும், அதே வயதினரான பெண்கள் இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கொழுந்து மலைக்கு ஏறத் தொடங்குவர். அவர்களும் நடக்கின்றனர்; வாவிக்கரையில் நடப்போரைவிடப் பன்மடங்கு நடக்கின்றனர். ஆனால் நடக்கும்படி அவர்களைப் பணித்தவர் வைத்தியர் அல்லர்.

இவ்விரு நடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. உழைப்பு முதியவரின் உடலைக் காக்கின்றதா, அன்றி அழிக்கின்றதா? மேலோட்டமாக நோக்கின் இது வைத்தியருக்கு உரிய கேள்வி போலத் தோன்றும். ஆயின் அதனை ஆழ்ந்து நோக்குவோமாயின், ஒரு சமுதாயம் மனிதனை எதற்காக மதிக்கிறது என்னும் அறக் கேள்வியே அதன் உள்ளே இருப்பதை உணர்வோம்.

நம்மவரிடையே இவ்விடயம் பற்றி இருவேறு கூற்றுக்கள் வழங்குகின்றன. 'வேலையை விட்டவன் விழுந்துவிடுவான். ஓடியாடித் திரியும் வரைதான் உடம்பு' என்பது ஒன்று. 'வயதான காலத்தில் எதற்கு இந்தப் பாடு? பேசாமல் இருந்து சாப்பிடலாமே' என்பது மற்றொன்று. வேடிக்கை யாதெனில், ஒரே மனிதர் ஒரே நாளில் இவ்விரண்டையும் கூறக் கேட்கலாம். தம் வீட்டுப் பெரியவரைப் பார்த்து இரண்டாவதைக் கூறுவார். தம் வீட்டுக்கு விறகு பிளக்க வரும் முதியவரைப் பார்த்து முதலாவதைக் கூறுவார். உழைப்பே ஆரோக்கியம் என்னும் உபதேசத்தை யார் யாருக்குச் செய்கிறார் என்பதைக் கவனித்தல் வேண்டும். உபதேசத்தின் உண்மையை அறிவதற்கு அதுவே முதற்படியாகும்.

நானறிந்த இரு முதியோரைப் பற்றி இங்கே கூறுதல் பொருந்தும். ஒருவர் என் தந்தையார். முப்பத்தைந்து ஆண்டுகள் தபாற் கந்தோர்களில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதந்தோறும் ஓய்வூதியம் தவறாது வந்தது. வீட்டில் குறையொன்றும் இல்லை. எனினும் ஓய்வு பெற்ற ஆறே மாதங்களில் அவர் மெலிந்தார், உறக்கம் கெட்டது, சிறு விடயங்களுக்கெல்லாம் சினந்தார். வைத்தியர் பரிசோதித்துப் பார்த்து உடலில் பெரிதாக எதுவுமில்லை என்றார். காலை எட்டு மணிக்குச் சட்டை மாற்றிக்கொண்டு முன் விறாந்தையில் வந்து அமர்ந்து, எங்கும் போவதற்கில்லாமல் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்த அவரது முகம் இன்றும் என் நினைவில் உண்டு. பின்னர் அயல் வீட்டுப் பிள்ளைகள் சிலர் கணக்குக் கேட்டு வரத் தொடங்கினர். அதன்பின் படிவம் நிரப்பவும் விண்ணப்பம் எழுதவும் தெரியாதோர் வந்தனர். நாளுக்கு இரண்டு மணி நேரம், ஒரு சதமும் பெறாமல், அவர் அதனைச் செய்தார். அவரது உறக்கம் திரும்பிற்று. உழைப்பு அவருக்கு மருந்தாயிற்று என்று கூறின் அது மிகையன்று.

மற்றவர் என் மாணவி ஒருத்தியின் பாட்டி. தாயின் தாய், அப்பிள்ளை அவரை 'அம்மாயி' என்றழைப்பாள். தாய் வெளிநாட்டில் வீட்டுப் பணிக்குச் சென்றபின் அப்பிள்ளையை வளர்த்தவர் அவரே. பெயர் பதிந்த தொழிலாளியாக நாற்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்து, அறுபது வயதில் வேலையிலிருந்து நின்றவர். சேர்விஸ் காசு கைக்கு வருவதற்கே ஒன்றரை ஆண்டு சென்றது. வந்த காசு, அதற்கு முன்னர் பட்ட கடனுக்கும் லயத்துக் கூரைத் தகரத்துக்கும் போயிற்று. அதன்பின் அவர் மீண்டும் மலைக்குச் சென்றார். இம்முறை அவர் பேர் பதிந்த தொழிலாளி அல்லர். கிலோவுக்கு இவ்வளவு என்று கைக்காசுக்குக் கொழுந்தெடுப்பவர். சேமலாப நிதியும் இல்லை, விடுமுறையும் இல்லை. எடுத்த கொழுந்து நிறுவையில் ஏறினால் காசு உண்டு, இல்லையேல் இல்லை.

அப்பிள்ளையின் படிப்புப் பற்றிப் பேச ஒருநாள் அவரது லயத்துக்குச் சென்றிருந்தேன். பேச்சு வாக்கில், அறுபத்தைந்து வயதிலும் மலையேறும் அவரது திடத்தைப் பாராட்டும் நோக்குடன், "இப்படி நடமாடுவதால்தானே அம்மா, உங்கள் உடம்பு இந்த வயதிலும் நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் சிரித்தார். "வேலைக்குப் போறதால ஒடம்பு நல்லா இருக்குன்னு நெனைக்காதீங்க சேர். ஒடம்பு இன்னும் விழாததால வேலைக்குப் போறேன். என்னோட கொழுந்தெடுத்த ஆளுங்க எத்தனை பேரு படுத்துட்டாங்க. அவங்கள நீங்க மலையில பாக்க முடியாதே" என்றார்.

பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற எனக்குத் தோன்றாத தருக்கம் அப்பெண்மணியின் சொல்லில் இருந்தது. வேலை செய்யும் முதியோரை எண்ணிப் பார்த்து, அவர் நலமாயிருக்கின்றனர், ஆகவே வேலை நலந்தரும் என்று முடிவு செய்பவன், நோயுற்று வேலையிலிருந்து வீழ்ந்தோரை எண்ண மறந்துவிடுகிறான். தொழிற்சுகாதாரத்தை ஆராய்வோர் இப்பிழையை நெடுங்காலமாக அறிவர். உழைப்போர் கூட்டத்தை ஏனைய மக்களோடு ஒப்பிடும்போது, உழைப்போர் ஆரோக்கியமுடையோராகத் தோன்றுவது இயல்பு. நோயாளிகள் அக்கூட்டத்திலிருந்து முன்னரே கழிக்கப்பட்டுவிட்டனர் என்பதே அதற்குக் காரணம்.

இங்கு ஒரு புகழ்பெற்ற ஆய்வு நினைவுக்கு வருகிறது. ஆங்கில வைத்தியரான ஜெரி மொரிஸ் என்பாரும் அவர் தோழரும் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் வேலை செய்தோரை ஆராய்ந்து, 1953ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் சாரதிகளைவிட, மேலும் கீழும் படியேறி இறங்கும் நடத்துநர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவாயிருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கும் என்னும் இன்றைய அறிவுக்கு அடிகோலிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. வாவிக்கரையில் நடப்போர் அனைவரும் ஏதோ ஒரு வகையில் அந்நடத்துநர்களுக்குக் கடமைப்பட்டவரே. ஆயினும் மொரிஸ் குழுவினர் அத்துடன் நின்றாரல்லர். 1956இல் அவர்கள் பஸ் ஊழியரின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தனர். சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு, இளம் வயதினரிடையே கூட, நடத்துநரின் அளவைவிடப் பெரிதாயிருந்தது. அதாவது வேறுபாட்டின் ஒரு பகுதி வேலையால் விளைந்ததன்று; அவ்வேலைக்கு வந்த ஆட்களோடு வந்தது. லயத்து வாசலில் அப்பெண்மணி எனக்குச் சொன்னதன் ஒரு கூற்றை, விஞ்ஞானிகள் காற்சட்டைகளை அளந்து கண்டறிந்தனர்.

உடலசைவு நன்மை தரும் என்பதை இதனால் மறுத்துவிட இயலாது. அது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்ட உண்மை. ஆனால் எல்லா உடலசைவும் ஒரே தன்மையதன்று. டென்மார்க்கு முதலிய நாடுகளில் அண்மைக் காலத்தில் நடைபெற்ற ஆய்வுகள், ஓய்வு நேரத்தில் தாமே விரும்பிச் செய்யும் உடற்பயிற்சி தரும் நன்மையைக் கடினமான தொழில்சார் உடலுழைப்புத் தருவதில்லை என்பதைச் சுட்டியுள்ளன. சிலவற்றில் அது தீங்கோடு தொடர்புற்றிருக்கவும் காணப்பட்டது. அதற்குக் கூறப்படும் விளக்கம் எளியது. உடற்பயிற்சி செய்பவன் சிறிது நேரம் இதயத்தை விரைவுபடுத்திப் பின் இளைப்பாறுகிறான், களைத்தால் நிறுத்துகிறான். கூலிக்கு உழைப்பவன் எட்டு மணி நேரம் இளைப்பாறாது உடலை வருத்துகிறான். களைத்தாலும் நிறுத்த முடியாது. வாவிக்கரையில் மழை பெய்தால் நடப்பவர் வீடு திரும்பலாம். மலையில் மழை பெய்தால் கொழுந்து நனைந்திருக்கிறதென்று நிறுவையில் கிலோ கழிக்கப்படும்.

உடலை வருத்தாத வேலையிலும் இதே உண்மை வேறு உருவில் புலப்படுகிறது. பிரித்தானிய அரசாங்க உத்தியோகத்தரிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு, எல்லோரும் அரசாங்கக் கந்தோர்களில் வேலை செய்வோராக இருந்தும், மேல்நிலை அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர் இதயநோயால் இறக்கும் வீதம் மிகக் கூடுதலாயிருந்ததைக் காட்டிற்று. 1985இல் தொடங்கிய இரண்டாம் கட்ட ஆய்வை மைக்கல் மார்மொட் நடத்தினார். தன் வேலையை எப்பொழுது, எவ்வாறு செய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒருவனுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு அவனது உடல்நலமும் குன்றும் என்பதை அது வலியுறுத்திற்று. என் தந்தையார் அயற்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது ஏன் அவருக்கு மருந்தாயிற்று என்பது இப்பொழுது விளங்கும். அவ்வேலையில் அவருக்கு மதிப்பும் அதிகாரமும் இருந்தன. வேண்டாமென்றால் நிறுத்தலாம், நிறுத்தினாலும் இராச்சாப்பாடு நிற்காது. உழைப்பு மருந்தாவதும் நஞ்சாவதும் உழைப்பின் அளவை மாத்திரம் பொறுத்ததன்று. உழைப்பவனுக்கு அதன்மீதுள்ள உரிமையையும் பொறுத்தது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயை அறிவதோடு நில்லாது அதன் காரணத்தையும் ஆராய வேண்டும் என்று வைத்தியனைப் பணிக்கிறார். அக்காரணத்தை எங்கே தேடுவது? பெர்னார்தீனோ இராமத்சீனி என்னும் இத்தாலிய வைத்தியர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியன் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு, அவன் செய்யும் தொழில் யாது என்னும் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு அதில் அவர் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்வி நம் வைத்தியசாலைகளில் எத்தனை முறை கேட்கப்படுகிறது? முழங்கால் வலியோடு வரும் மூதாட்டிக்கு ஓய்வெடுக்கும்படி கூறி மாத்திரை கொடுத்தனுப்புகின்றனர். ஓய்வு அவரால் பெறக்கூடிய பொருளா என்பதை யாரும் கேட்பதில்லை. மாதம் ஒரு முறை கிளினிக்குக்குச் செல்லும் நாள் அவருக்குக் கூலியில்லாத நாள். பஸ் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே மருந்து முடிந்தபின்னும் ஓரிரு வாரம் தள்ளிப்போடுகிறார். 'ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை' என்று பதிவேட்டில் எழுதப்படுகிறது. அறியாமை எனப் பதியப்படுவது உண்மையில் கூலிக் கணக்கு.

இன்னுமொன்றும் சிந்தித்தற்குரியது. முதுமை அறுபது வயதில் தொடங்குவதன்று. இன்று அறுபதுகளில் இருக்கும் தோட்டப் பெண்கள் எத்தகைய காலத்தில் பிறந்து வளர்ந்தனர்? 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட பெற்றோருக்குப் பிறந்தவர்கள் அவர்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களது குடும்பங்களை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 1973–1974 காலப்பகுதியில் தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடி உயிர்களைப் பலிகொண்டபோது அவர்கள் சிறுமியர். அவர்கள் பேர் பதிந்து வேலைக்குச் சேர்ந்த நாளில், அதே வேலைநாளுக்குப் பெண்ணுக்கு ஆணிலும் குறைந்த கூலியே வழங்கப்பட்டது. கூலி சமமாக்கப்பட்டது 1984இலேதான். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் ஊட்டங்குன்றிய உடல், நடுவயதுக்குப் பின் இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் எளிதில் இலக்காகின்றது என்று டேவிட் பார்க்கர் என்னும் ஆங்கில அறிஞர் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்து காட்டினார். ஆகவே மலையேறும் அம்மூதாட்டியின் முழங்காலிலும் இதயத்திலும் இருப்பது அவரது வயது மாத்திரமன்று. இந்நாட்டின் வரலாறும் அங்கே தங்கியிருக்கிறது.

இனி ஓய்வின் பொருளாதாரத்தை நோக்குவோம். அரசாங்க உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் உண்டு. ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வரும். தோட்டத் தொழிலாளிக்கு அது இல்லை. 1958இன் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும், 1980இன் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிச் சட்டமும், 1983இன் பணிக்கொடைச் சட்டமும் அவருக்கு உள்ள பாதுகாப்பாகும். இவை தொழிலாளர் இயக்கத்தின் வெற்றிகளே. சிறியன என்று எவரும் தள்ள முடியாதவை. ஆனால் இவையனைத்தும் ஒருமுறை கையில் தரப்பட்டு முடிந்துவிடும் தொகைகள். பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஓராண்டுச் சேவைக்குப் பதினான்கு நாட்கூலி உரியது. நாற்பது ஆண்டு சேவை செய்தவருக்கு 560 நாட்கூலி. 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியை வைத்துக் கணக்கிட்டால் 7,56,000 ரூபா வரும். கேட்கும்போது பெருந்தொகையாகவே தோன்றும். அறுபது வயதில் நின்றவர் எண்பது வரை வாழ்கிறார் எனக் கொண்டு, அதனை இருபது ஆண்டுகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதமொன்றுக்கு 3,150 ரூபா. அதாவது இரண்டேகால் நாட்கூலியிலும் சிறிது கூட. கூலி எத்தனை மடங்கு உயர்ந்தாலும் இவ்விகிதம் மாறப்போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சேமலாப நிதியைச் சேர்த்தாலும், அதுவும் குறைந்த கூலியின் விகிதமேயாதலால், நிலைமை அடிப்படையில் மாறாது. மாதத்தில் மூன்று நாள் உண்டு இருபத்தேழு நாள் பட்டினி கிடக்க எவராலும் இயலாது. ஆகவே அவர் மீண்டும் மலைக்குச் செல்கிறார். அதைக் காணும் நாம், 'இந்த வயதிலும் என்ன சுறுசுறுப்பு!' என வியந்து நிற்கிறோம்.

ஓய்வு பெறும் வயது என்பதுதான் யாது? மனித உடலில் அப்படியொரு கோடு இயற்கையால் போடப்பட்டிருக்கவில்லை. ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் ஆட்சியில் 1889இல் முதுமைக் காப்புறுதிச் சட்டம் வந்தபோது வயதெல்லை எழுபது. 1916இல் அது அறுபத்தைந்தாகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் தனியார் துறைத் தொழிலாளர்க்கு ஆகக் குறைந்த ஓய்வு வயது அறுபது என்று 2021இன் 28ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வு வயது 2022இன் தொடக்கத்தில் அறுபத்தைந்தாக உயர்த்தப்பட்டு, திறைசேரி வற்றிய அதே ஆண்டிலேயே மீண்டும் அறுபதாக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மனித உடலில் ஐந்தாண்டு கூடிக் குறைந்ததா? கூடிக் குறைந்தது அரசின் கணக்கேயன்றி வேறில்லை. பிரான்சில் 2023இல் ஓய்வு வயதை அறுபத்திரண்டிலிருந்து அறுபத்துநான்காக உயர்த்த அரசு முனைந்தபோது இலட்சக்கணக்கானோர் வீதியில் இறங்கினர். 'மக்கள் நீண்டகாலம் வாழ்கின்றனர். ஆகவே நீண்டகாலம் உழைக்கட்டும்' என்பது ஆள்வோர் வாதம். நீண்டகாலம் வாழ்பவர் யார், நீண்டகாலம் உழைத்தவர் யார் என்பதை அவ்வாதம் கேட்பதில்லை. பதினைந்து வயதில் சுமை தூக்கத் தொடங்கியவனுக்கும் இருபத்தைந்து வயதில் கந்தோருக்குச் சென்றவனுக்கும் ஒரே வயதெல்லையை விதிப்பது, சமத்துவத்தின் பெயரால் செய்யப்படும் அநீதியாகும்.

இங்கே முற்போக்காளராகிய நாம் நம்மையும் நோக்கிச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறோம். உழைப்பைப் போற்றுவதிலே நாம் எவர்க்கும் பின்னிற்பவரல்லோம். உழைப்பே மனிதனை மனிதனாக்கிற்று என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆயின் உழைப்பே மனிதனின் மதிப்பு என்று கூறிவிட்டால், உழைக்க இயலாதவனின் மதிப்பு யாது? 1936ஆம் ஆண்டின் சோவியத் அரசியலமைப்பு, உழைக்காதவனுக்கு உணவில்லை என்னும் கோட்பாட்டைத் தன் 12ஆம் உறுப்பில் ஏற்றது. அதே அரசியலமைப்பே 118ஆம் உறுப்பில் வேலைக்கான உரிமையையும், 119இல் ஓய்வுக்கான உரிமையையும், 120இல் முதுமையிலும் நோயிலும் பராமரிக்கப்படும் உரிமையையும் அடுத்தடுத்து வைத்தது. அவை ஏட்டிலிருந்து வாழ்வுக்கு எவ்வளவு தூரம் வந்தன என்பது வேறு விவாதம். எனினும் அவற்றின் வரிசை நமக்கொரு பாடம். வேலை, ஓய்வு, பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஓர் உரிமையாகும்; அவற்றுள் ஒன்றைப் பிரித்தெடுத்தால் எஞ்சியவை திரிந்துவிடும். பராமரிப்பு இல்லாதவனுக்கு வேலை செய்யும் உரிமை என்பது வேலை செய்யும் நிர்ப்பந்தமே. வேலை இல்லாதவனுக்கு ஓய்வு என்பது ஒதுக்கப்படுதலே.

கார்ல் மார்க்ஸின் மருகர் போல் லஃபார்க் சோம்பலுக்கான உரிமையைப் பற்றி 1880இல் எழுதியவர். உழைப்பை வழிபடும் போக்கைக் கடுமையாக எள்ளி நகையாடியவர். அவரே 1911 நவம்பரில், எழுபதை எட்டுமுன், முதுமை தம் உடலாற்றலையும் அறிவாற்றலையும் பறித்துத் தம்மைப் பிறர்க்குச் சுமையாக்கிவிடும் என்று கருதி, மனைவி லோராவுடன் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் உழைப்பு வழிபாட்டை எதிர்த்த ஒருவரது உள்ளத்திலும், பயன்படாத வாழ்வு வாழத் தகாதது என்னும் எண்ணம் எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது! அவரை நாம் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் அம்முடிவை நாம் ஏற்கவும் கூடாது. லயத்துத் திண்ணையில் படுத்திருக்கும் முதியவர் எவர்க்கும் பயன்படாதவராக இருக்கலாம். அதனால் அவர் எவர்க்கும் கடன்பட்டவர் ஆகார். கடன்பட்டது நாம். 1867இல் லூல்கந்துரையில் தேயிலை தோட்டப் பயிராக நடப்பட்ட நாள் தொட்டு, இந்நாட்டின் வீதிகளும் வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் பேராதனைப் பல்கலைக்கழகமும் எழுவதற்கு உதவிய அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு யாருடைய விரல்களால் கிள்ளப்பட்டது? அவ்விரல்கள் இன்று மடங்க மறுக்கின்றன. அவற்றுக்கு நாம் தர வேண்டியது தருமமன்று, நிலுவை.

'அப்படியாயின் முதியோரை வேலை செய்ய விடலாகாது என்கிறீரா?' என்று கேட்கலாம். அவ்வாறு கூறுவதும் பிழையே. என் தந்தையாரின் முகத்தை மறந்தவனல்லன் நான். கொழுந்தெடுத்த அப்பெண்மணியும் வேலையை முற்றாக வெறுத்தாரல்லர். மலையில் தோழியரோடு பேசிச் செல்வதும், இளம் பெண்களுக்குக் கொழுந்தின் பருவத்தைக் காட்டிக் கொடுப்பதும் தமக்கு விருப்பமென்றே அவர் சொன்னார். அவர் வேண்டியதெல்லாம், முழங்கால் வீங்கிய நாளில் போகாதிருக்கும் சுதந்திரம் ஒன்றே. முதுமையில் உழைப்பு ஆரோக்கியமாவதற்கு வேண்டிய நிபந்தனை இதுதான்: உழைக்காவிட்டாலும் உணவுண்டு என்னும் உறுதி. அவ்வுறுதி இருந்தால் உழைப்பு மனிதனின் மகிழ்ச்சி; அது இல்லையேல், எத்துணை இனிய பெயரிட்டு அழைத்தாலும், அது உடலைச் சிறிது சிறிதாக விற்பதேயாகும்.

இதனை அடையும் வழிகள் மாயமானவையல்ல. ஒருமுறைத் தொகையோடு நில்லாது மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் தோட்டத் தொழிலாளர்க்கும் வேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் நின்ற நாளிலேயே கைக்குக் கிடைக்க வேண்டும். கைக்காசுக்கு உழைக்கும் முதியோரும் தொழிலாளரே எனச் சட்டத்தின் முன் கொள்ளப்பட வேண்டும். செங்குத்தான மலைகளிலிருந்து அவர்களை விலக்கி, நாற்றுமேடை போன்ற இலேசான வேலைகளைக் கூலி குறையாமல் வழங்க வேண்டும். தோட்ட வைத்திய சேவை அரசாங்கச் சுகாதார சேவையோடு முழுமையாக இணைந்து, கிளினிக் தொழிலாளியைத் தேடி வர வேண்டும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டிலேயே இலங்கையரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்திருந்தனர். அவ்விகிதம் ஏறிக்கொண்டே செல்லும். ஆகவே இது ஒரு மலையின் பிரச்சினையன்று. நாடு முழுவதையும் எதிர்நோக்கும் பிரச்சினை.

ஆசிரியராகிய நாம் இதில் எங்கே நிற்கிறோம் என்று சிலர் எண்ணலாம். சென்ற ஆண்டு இரண்டாந் தவணையில் அம்மாணவி மூன்று வாரம் பாடசாலைக்கு வரவில்லை. வழுக்குப் பாறையில் விழுந்து பாட்டிக்கு இடுப்பில் அடி. பிள்ளை அருகிலிருந்து பார்த்தாள்; மூன்றாம் வாரத்தில், கண்டி நகரில் ஒரு புடைவைக் கடையில் தனக்கு வேலை கிடைக்குமா என்று விசாரிக்கவும் தொடங்கியிருந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஐந்து மாதமே இருந்தது. சக ஆசிரியர் சிலர் சேர்ந்து இயன்றதைச் செய்தோம். அவள் திரும்பி வந்தாள். திரும்பி வராதோர் இடாப்பில் சிவப்பு மையால் வெட்டப்பட்ட பெயர்களாக இருக்கின்றனர். அப்பிள்ளையின் படிப்பு ஒரு மூதாட்டியின் முழங்காலில் தங்கியிருந்தது என்பதை நான் அதற்கு முன் அறிந்திலேன். முதியோரின் ஓய்வு பற்றிப் பேசும்போது நாம் இளையோரின் பள்ளிக்கூடம் பற்றியும் பேசுகிறோம்.

இதை வாசிக்கும் மாணவ நண்பர்களிடம் ஒன்றே வேண்டுகிறேன். முதியவர் ஒருவர் உழைப்பதைக் கண்டால் உடனே வியக்காதீர்கள். உடனே இரங்கவும் வேண்டாம். நாளை வராதிருக்க இவரால் முடியுமா என்று கேளுங்கள். அதற்கு விடை இல்லை என்றாயின், அவரது திடத்தைப் புகழ்ந்து கவிதை எழுதுவதை விட்டு, அவ்விடையை மாற்றுவதற்கு ஆவன செய்யுங்கள். வாவிக்கரையில் நடக்கும் முதியவருக்குள்ள அரைமணி நேர நடையும், நடந்தபின் வீடு திரும்பி அமர்ந்து பருகும் ஒரு கோப்பைத் தேநீரும், அத்தேயிலையைக் கிள்ளியவருக்கும் உரியன.